பருத்தி வயலில் பேட்டரி ஆலை: அமெரிக்கத் தென்மாநிலங்களின் மின்வாகன முதலீட்டைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் ஒரு மாநில ஆளுநர் மேடையேறுகிறார். இன்ன நிறுவனம் நம் மாநிலத்தில் 500 கோடி டாலர் முதலீடு செய்கிறது, 7,500 பேருக்கு வேலை என்று அறிவிக்கிறார். மறுநாள் அதுதான் தலைப்புச் செய்தி. சில ஆண்டுகள் கழித்து அந்த இடத்துக்குப் போனால் என்ன இருக்கும்? சில இடங்களில் வண்டிகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன. சில இடங்களில் கட்டடம் எழுந்து நிற்கிறது, ஆனால் சொன்ன பொருள் அங்கே தயாராவதில்லை. இன்னும் சில இடங்களில் மரங்களை வெட்டிச் சமன்படுத்திய மண்தான் இருக்கிறது.

இந்த மூன்று நிலைகளையும் ஒரே வட்டாரத்தில் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைப் பார்க்க வேண்டும். மிச்சிகனிலிருந்து தெற்கே ஜார்ஜியா வரை நீளும் நிலப்பரப்பை ‘பேட்டரி பெல்ட்’ என்று அழைக்கிறார்கள். அதன் தென்பாதியில் கென்டக்கி, டென்னசி, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா ஆகிய ஆறு மாநிலங்கள் இருக்கின்றன. மின்வாகன முதலீடு என்றால் என்ன, அது ஓர் ஊரை எப்படித் தேடி வருகிறது, ஏன் சில சமயம் வந்த வழியே திரும்பிப் போகிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல களம் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு, கட்டுமானம், உற்பத்தி, விற்பனை ஆகிய நான்கும் தனித்தனிப் படிகள். முதலீட்டுச் செய்திகளில் பெரும்பாலானவை முதல் படியைப் பற்றியவை. அதில் வரும் தொகை, செலவழித்த பணம் அல்ல. செலவழிப்பதாகச் சொன்ன பணம். இந்த வேறுபாட்டை மறந்தால் இந்த வட்டாரத்தின் கதை ஒரு நாள் அதிசயமாகவும் மறுநாள் மோசடியாகவும் தெரியும். இரண்டுமே உண்மை இல்லை.

ஏன் தெற்கு?

அமெரிக்கக் கார் என்றாலே டெட்ராய்ட் என்று நினைத்த காலம் எப்போதோ போய்விட்டது. 1983-இல் டென்னசி மாநிலத்தின் ஸ்மர்னாவில் நிசான் உற்பத்தியைத் தொடங்கியது. 1988-இல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா வந்தது. 1990-களில் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்கில் பிஎம்டபிள்யூவும் அலபாமாவின் வான்ஸில் மெர்சிடிஸும் ஆலை அமைத்தன. 2005-இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஹூண்டாய், 2009-இல் ஜார்ஜியாவின் வெஸ்ட் பாயிண்டில் கியா, 2011-இல் டென்னசியின் சட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன். மின்வாகனம் இங்கே வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. உதிரிபாகம் செய்பவர்கள், வார்ப்பு வேலை தெரிந்தவர்கள், இரவு ஷிப்ட்டுக்குப் பழகிய தொழிலாளர்கள் என்று ஒரு தலைமுறையே முன்பே உருவாகியிருந்தது. மின்கார் உற்பத்திகூட இங்கே புதிதில்லை. நிசான் லீஃப் கார் 2013 முதல் ஸ்மர்னாவில் தயாராகி வந்தது.

இந்த நிறுவனங்களெல்லாம் ஏன் வடக்கை விட்டுத் தெற்கே வந்தன என்பதற்கு நேர்மையான பதில், தொழிற்சங்கம். அமெரிக்காவில் 1947-இல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், சங்கச் சந்தா கட்டுவதை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்ற இடம் கொடுத்தது. பெரும்பாலான தென்மாநிலங்கள் அதை விரைந்து பற்றிக்கொண்டன. சங்கம் பலவீனம், கூலி குறைவு என்பதுதான் முதலாளிகளுக்கு இந்த வட்டாரம் பல பத்தாண்டுகளாகக் காட்டிவந்த விளம்பரப் பலகை. இதை மறைத்துவிட்டு ‘தொழில் நட்புச் சூழல்’ என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

அடுத்தது நிலம். இங்கே ‘மெகாசைட்’ என்ற ஏற்பாடு உண்டு. யார் வருவார்கள் என்று தெரியாதபோதே மாநில அரசு ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே துண்டாக வாங்கி, சாலை, ரயில், தண்ணீர், மின் இணைப்பு எல்லாம் திட்டமிட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கும். சில நேரம் அந்தக் காத்திருப்பு மிக நீளமானது. கென்டக்கியின் கிளெண்டேலில் உள்ள நிலத்தை அம்மாநிலம் 2000-களின் தொடக்கத்தில் வாங்கியது. வாங்கியபோது மனதில் இருந்தது ஹூண்டாய். ஹூண்டாய் அலபாமாவைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நிலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சும்மா கிடந்த பிறகு, 2021 செப்டம்பரில் ஃபோர்டும் தென்கொரியாவின் எஸ்கே நிறுவனமும் 580 கோடி டாலரில் அங்கே பேட்டரி ஆலைகள் கட்டுவதாக அறிவித்தன. அதே நாளில், டென்னசியின் ஹேவுட் மாவட்டத்தில் பருத்தி விளையும் பூமிக்கு நடுவே இதேபோலப் பத்தாண்டுக்கு மேல் காலியாகக் கிடந்த இன்னொரு மெகாசைட்டில் 560 கோடி டாலரில் ‘புளூஓவல் சிட்டி’ என்ற மின்டிரக் நகரம் எழும் என்றும் சொன்னார்கள்.

பயிற்சியும் ஒரு காரணம். ஜார்ஜியாவில் ‘குவிக் ஸ்டார்ட்’ என்ற அரசுத் திட்டம் 1967 முதல் இயங்குகிறது. புதிதாக வரும் ஆலைக்கு வேண்டிய ஆட்களை அரசுச் செலவில் பயிற்றுவித்துக் கொடுப்பது அதன் வேலை. கியாவுக்கு அப்படிக் கொடுத்தார்கள், ஹூண்டாய்க்கும் கொடுக்கிறார்கள்.

ஆலைக்குள் என்ன நடக்கிறது?

மின்வாகன முதலீட்டில் கணிசமான பணம் பேட்டரிக்கே போகிறது. அந்த ஆலைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று தெரியாமல் மற்றது எதுவும் விளங்காது.

லித்தியம் அயனி செல் ஒன்றில் இரண்டு மின்முனைகள் உண்டு. நேர்மின்முனைக்கு லித்தியம் சேர்ந்த உலோகக் கூட்டுப்பொருளின் தூளையும், எதிர்மின்முனைக்குக் கிராஃபைட் தூளையும் தனித்தனியே கரைப்பானோடு சேர்த்து, தோசைமாவுப் பதத்தில் குழம்பாக்குவார்கள். முதல் குழம்பை மெல்லிய அலுமினியத் தாளிலும் இரண்டாவதைச் செம்புத் தாளிலும் பூசுவார்கள். அந்தத் தாள்கள் நீண்ட அடுப்புகளுக்குள் ஓடி உலரும். பிறகு உருளைகளுக்கு நடுவே அழுத்தப்பட்டு, வெட்டப்பட்டு, இடையில் பிரிப்புப் படலம் வைத்து அடுக்கவோ சுருட்டவோ படும். உறைக்குள் வைத்து, மின்பகு திரவம் ஊற்றி மூடினால் செல் தயார் என்று தோன்றும். ஆனால் இன்னும் தயாராகவில்லை. முதல் சார்ஜை மிக நிதானமாக, கண்காணிப்போடு ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே எதிர்மின்முனையின் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகும். அதன் பிறகு செல்களை நாள்கணக்கில் கிடங்கில் வைத்து, எது சார்ஜை இழக்கிறது என்று பார்த்துக் கழித்துக்கட்டுவார்கள்.

இந்த வேலையின் முக்கியமான கட்டங்கள் நடக்கும் அறையில் ஈரம் இருக்கவே கூடாது. காற்றின் பனிநிலை (அதிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்க வேண்டும். அதாவது எந்தப் பாலைவனக் காற்றையும்விட உலர்ந்த காற்று. வியர்க்கும் மனித உடம்பே அங்கே ஈரத்தின் ஊற்று என்பதால் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. கோடையில் புழுங்கித் தள்ளும் ஜார்ஜியாவில் இப்படி ஓர் அறையை ஆண்டு முழுவதும் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆலை அமையும் இடத்தைத் தீர்மானிப்பதில் நிலத்தின் விலைக்கு இணையாக மின்கட்டணமும் நிற்பது இதனால்தான்.

பேட்டரி ஆலை ஏன் கார் ஆலைக்கு அருகிலேயே வருகிறது என்பதற்கும் விடை எளிது. ஒரு காருக்கான பேட்டரித் தொகுப்பு பல நூறு கிலோ எடை. ஆபத்தான சரக்கு என்று போக்குவரத்து விதிகள் அதை வகைப்படுத்தியிருக்கின்றன. அதைக் கப்பலிலும் லாரியிலும் வெகுதூரம் சுமப்பது வீண்செலவு. எங்கே கார் பொருத்தப்படுகிறதோ அங்கே பேட்டரி, அதைச் சுற்றி உதிரிபாகம் என்று ஒன்றை ஒன்று இழுக்கும்.

இந்தத் தொழிலின் கைப்பழக்கம் இன்று பெருமளவு சீனாவிலும் தென்கொரியாவிலும் ஜப்பானிலும்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த வட்டாரத்து ஆலைகளின் பெயர்ப்பலகைகளில் எஸ்கே, எல்ஜி, ஏஇஎஸ்சி என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிய ஆலை ஒன்று தொடங்கிய முதல் சில மாதங்களில் வெளிவரும் செல்களில் கணிசமானவை கழிவாகவே போகும். அந்தக் கழிவைக் குறைத்துக் காட்டுவதுதான் அனுபவம். அதைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்க முடியாது.

இரண்டு சலுகைகள், இரண்டு விதி

இனி பணம். 2022 ஆகஸ்ட் 16 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட ‘பணவீக்கக் குறைப்புச் சட்டம்’ மின்வாகனத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து உதவியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது வாங்குபவருக்கு. தகுதியுள்ள புதிய மின்கார் வாங்கினால் 7,500 டாலர் வரை வரிச் சலுகை கிடைத்தது. ஆனால் அந்தக் கார் வட அமெரிக்காவில் பொருத்தப்பட்டிருக்க வேண்டியிருந்தது. பேட்டரியின் பாகங்களும் கனிமங்களும் எங்கிருந்து வந்தன என்பதற்கும் ஆண்டுக்கு ஆண்டு இறுகும் நிபந்தனைகள் இருந்தன. காரின் விலைக்கும் வாங்குபவரின் வருமானத்துக்கும் உச்சவரம்பு இருந்தது.

இரண்டாவது தயாரிப்பவருக்கு. அமெரிக்காவில் தயாரித்து விற்கும் பேட்டரி செல்லுக்கு ஒரு கிலோவாட்–மணிக்கு 35 டாலர், செல்களை இணைத்த மாட்யூலுக்குக் கூடுதலாக 10 டாலர். கிலோவாட்–மணி என்பது நம் மின்கட்டண ரசீதில் வரும் அதே ‘யூனிட்’தான். அமெரிக்காவில் விற்கும் ஹூண்டாய் அயோனிக் 5 காரின் பெரிய பேட்டரி 84 யூனிட் கொள்ளளவு கொண்டது. அந்த அளவு பேட்டரியின் செல்லும் மாட்யூலும் அமெரிக்காவிலேயே செய்யப்பட்டால் 84-ஐ 45-ஆல் பெருக்குங்கள்: 3,780 டாலர். ஒரே ஒரு காருக்கு இவ்வளவு. ஆண்டுக்கு 30 கிகாவாட்–மணி, அதாவது 3 கோடி யூனிட் கொள்ளளவுக்குச் செல்லும் மாட்யூலும் செய்யும் ஆலை முழு வேகத்தில் ஓடினால், ஆண்டுக்கு 135 கோடி டாலர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எந்த நிதி அதிகாரியும் அமெரிக்காவில் ஆலை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

இந்தச் சட்டத்தால்தான் பேட்டரி பெல்ட்டே பிறந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. தேதிகளைப் பார்த்தால் அப்படி இல்லை. ஜார்ஜியாவின் காமர்ஸ் நகரில் எஸ்கே பேட்டரி ஆலைக்கு 2019-லேயே அடிக்கல் நாட்டப்பட்டுவிட்டது. ஃபோர்டின் அறிவிப்பு 2021 செப்டம்பர். வட கரோலினாவில் டொயோட்டா, ஜார்ஜியாவில் ரிவியன் என்ற அமெரிக்க மின்வாகன நிறுவனம் இரண்டும் 2021 டிசம்பர். ஹூண்டாய் 2022 மே. சட்டம் வந்தது இவற்றுக்கெல்லாம் பின்னால். திட்டங்களைப் பெருக்கியதும் வேகப்படுத்தியதும்தான் சட்டத்தின் பங்கு. டொயோட்டாவைப் பாருங்கள்: 129 கோடி டாலர் என்று தொடங்கிய பேட்டரி ஆலைத் திட்டம் 2023-இல் 1,390 கோடி டாலராக வளர்ந்தது.

ஹூண்டாய்க்கோ சட்டம் முதலில் அடியாகவே விழுந்தது. ஜார்ஜியாவில் ஆலை கட்டப்போகிறோம் என்று அறிவித்த மூன்றே மாதத்தில், தென்கொரியாவில் செய்து கப்பலில் அனுப்பும் கார்களுக்கு 7,500 டாலர் சலுகை இல்லை என்றாகிவிட்டது. தென்கொரிய அரசு கடும் கோபம் கொண்டது. அந்தக் கோபத்துக்கு நடுவே நிறுவனம் செய்த காரியம், ஆலைப் பணியை முடுக்கிவிட்டது.

எல்லாபெல் என்ற ஊர்

அந்த ஆலை ஜார்ஜியாவின் பிரையன் மாவட்டத்தில், சவானா துறைமுக நகருக்கு மேற்கே எல்லாபெல் என்ற சிற்றூரில் இருக்கிறது. முதலில் சொன்ன தொகை 554 கோடி டாலர், 8,100 வேலைகள். பக்கத்திலேயே எல்ஜியோடு சேர்ந்து கட்டும் பேட்டரி ஆலையையும் சேர்த்தால் 760 கோடி டாலர். 2022 அக்டோபரில் பணி தொடங்கியது. 2024 அக்டோபரில் முதல் அயோனிக் 5 கார்கள் வெளிவந்தன. 2025 மார்ச்சில் முறையான திறப்பு விழா. இரண்டே ஆண்டுகளில் ஒரு பைன் மரக்காட்டிலிருந்து கார் வெளிவந்தது என்பது எந்த நாட்டிலும் பெருமைக்குரிய வேகம். ஆண்டுக்கு 3 லட்சம் வண்டி என்று தொடங்கி 5 லட்சம் வரை போகத் திட்டம்.

இதற்கு ஜார்ஜியா மாநிலமும் சுற்றியுள்ள மாவட்டங்களும் கொடுத்த சலுகையின் மதிப்பு சுமார் 180 கோடி டாலர். முதலில் சொன்ன 8,100 வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்குச் சுமார் 2.2 லட்சம் டாலர். வாக்குறுதியளித்த சராசரி ஊதியம் ஆண்டுக்கு 58,000 டாலர் அளவில்தான். அந்தச் சலுகை முழுவதும் கையில் எண்ணிக் கொடுத்த பணம் அல்ல. பெரும்பகுதி வாங்காமல் விட்ட வரி: நிலத்தின் உரிமை உள்ளூர் வளர்ச்சி ஆணையத்தின் பெயரில் இருக்கும், நிறுவனம் குத்தகைதாரராக இருக்கும், சொத்து வரிக்குப் பதிலாகப் பேசி முடித்த குறைந்த தொகையைச் செலுத்தும். சொன்ன வேலைவாய்ப்பிலும் முதலீட்டிலும் 80 சதவீதத்தை எட்டாவிட்டால் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. எந்த மாநிலமும் இப்படியொரு ஷரத்து இல்லாமல் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த மாநிலம் அதிகம் கொடுத்துவிடுமோ என்ற பயத்தில் ஆளுநர்கள் போட்டிபோட்டுக்கொண்டு அள்ளிக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடமும் தீயணைப்பு நிலையமும் அதே சொத்து வரியில்தான் நடக்கின்றன.

தண்ணீர் இன்னொரு கதை. ஆலைக்கும் அதைச் சுற்றிப் பெருகும் குடியிருப்புகளுக்குமாக, பக்கத்து புல்லக் மாவட்டத்தில் நான்கு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டத் திட்டமிட்டார்கள். நாளொன்றுக்கு 66 லட்சம் காலன் வரை, அதாவது சுமார் 2.5 கோடி லிட்டர் எடுக்க அனுமதி. புல்லக் மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆலையும் அதன் வரி வருவாயும் பக்கத்து மாவட்டத்தில். கிணறு மட்டும் எங்கள் காலடியிலா என்பது அவர்கள் கேள்வி. பாசனக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கினால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொழில் வளர்ச்சியின் கணக்கில் இந்தப் பத்தி ஏனோ எப்போதும் கடைசியில்தான் எழுதப்படுகிறது.

2025 செப்டம்பர் 4 அன்று குடியேற்ற அதிகாரிகள் எல்லாபெல்லில் கட்டுமானத்தில் இருந்த பேட்டரி ஆலைக்குள் நுழைந்து 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் தென்கொரியர்கள். பலர் இயந்திரங்களைப் பொருத்தி ஓடவைக்க வந்த நிபுணர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும். கையிலும் காலிலும் விலங்கு பூட்டி அழைத்துச்சென்ற காட்சி தென்கொரியா முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது. ஒரு வாரத்தில் தனி விமானத்தில் அவர்கள் நாடு திரும்பினார்கள். ஆலைப் பணி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. பூச்சு இயந்திரத்தையும் அடுக்கு இயந்திரத்தையும் பொருத்தத் தெரிந்தவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை மேலே பார்த்தோம். ஆலையை வா வா என்று அழைத்துவிட்டு, அதை ஓடவைக்கத் தெரிந்தவர் வருவதற்கு ஏற்ற விசா வழியை வைக்காமல் இருந்தது அமெரிக்க அரசின் குறை. அந்தத் தொழிலாளர்களை அப்படி நடத்தியது வருத்தத்துக்குரியது.

சலுகையின் ஒரு கால் உடைந்தபோது

பணவீக்கக் குறைப்புச் சட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் அதனால் வந்த முதலீட்டில் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளில் இறங்கியது. 2024 ஆகஸ்டில் அக்கட்சியின் 18 உறுப்பினர்கள், இந்தச் சலுகைகளை ஒட்டுமொத்தமாக நீக்கிவிடாதீர்கள் என்று தங்கள் சபாநாயகருக்கே கடிதம் எழுதினார்கள்.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட புதிய வரிச் சட்டம் வந்தபோது நடந்தது இதுதான்: வாங்குபவருக்கான 7,500 டாலர் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. தயாரிப்பவருக்கான சலுகை தப்பியது. சீனத் தொடர்புள்ள நிறுவனங்களுக்கும் பொருள்களுக்கும் கடும் கட்டுப்பாடுகள் சேர்ந்தன.

அதாவது செய்கிறவருக்கு ஊக்கம் இருக்கிறது, வாங்குகிறவருக்கு இல்லை. செப்டம்பர் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் கடைகளுக்கு ஓடியதால் ஜூலை–செப்டம்பர் காலாண்டில் மின்கார் விற்பனை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது, அக்டோபரில் சரிந்தது. அமெரிக்காவில் 2024-இல் விற்ற புதிய வண்டிகளில் நூற்றுக்கு எட்டு அளவில்தான் மின்கார். ஆனால் ஆலைகளோ அதைவிடப் பன்மடங்கு பெரிய சந்தை வரும் என்ற கணக்கில் கட்டப்பட்டவை.

அதன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டியது ஃபோர்டு. டென்னசி புளூஓவல் சிட்டியில் மின்டிரக் 2025-இல் வரும் என்றார்கள். பிறகு 2027 என்றார்கள். பிறகு 2028. 2025 டிசம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டு, அதே ஆலையில் 2029 முதல் பெட்ரோல் டிரக் செய்யப்போவதாக அறிவித்தார்கள். எஸ்கேயுடனான கூட்டும் பிரிந்தது: கென்டக்கி ஃபோர்டுக்கு, டென்னசி பேட்டரி ஆலை எஸ்கேக்கு. கென்டக்கி ஆலையில் இனி கார் பேட்டரிக்குப் பதிலாக மின்கட்டமைப்புக்கும் தரவு மையங்களுக்கும் வேண்டிய பெரிய சேமிப்புப் பேட்டரிகள் செய்யப்போகிறார்கள். அங்கே வேலையிலிருந்த சுமார் 1,600 பேருக்கு வேலை போனது. அவர்கள் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் மிகச் சொற்ப வித்தியாசத்தில் சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். பலர் வேறு வேலையை விட்டுவிட்டு, புதிய தொழில் என்று நம்பி வந்தவர்கள். மெகாசைட்டுக்காக மாநிலம் காத்திருந்த ஆண்டுகளை ஏட்டில் எழுதுகிறார்கள். இவர்கள் இழந்த ஆண்டுகளை எழுத எந்த ஏடும் இல்லை.

ரிவியன் இன்னொரு வகை. ஜார்ஜியாவில் அட்லாண்டாவுக்குக் கிழக்கே 500 கோடி டாலர், 7,500 வேலை, ஆண்டுக்கு 4 லட்சம் வண்டி என்று 2021-இல் சொன்னது. 2024 மார்ச்சில் பணியை நிறுத்தியது. மத்திய எரிசக்தித் துறையின் 660 கோடி டாலர் கடன் 2025 ஜனவரியில் உறுதியான பிறகு, அந்த ஆண்டு செப்டம்பரில் பூமிபூஜை போன்ற விழா நடந்தது. உற்பத்தி 2028-இல் என்கிறார்கள்.

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கதை தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பக்கத்துக் கதை. வட கரோலினாவின் சாத்தம் மாவட்டத்தில் 400 கோடி டாலரில் ஆலை என்று 2022 மார்ச்சில் அறிவித்து, 2023 ஜூலையில் அடிக்கல் நாட்டியது. பிறகு உற்பத்தியை 2028-க்குத் தள்ளிவைத்தது. வட கரோலினாவுக்குப் பின், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தூத்துக்குடி ஆலையோ 2025 ஆகஸ்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. அறிவிப்பு எந்த வரிசையில் வந்தது என்பதற்கும் ஆலை எந்த வரிசையில் திறக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை.

அதற்காக இந்த வட்டாரத்தில் எல்லாம் கவிழ்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வட கரோலினாவின் லிபர்ட்டியில் டொயோட்டாவின் பேட்டரி ஆலை 2025 நவம்பரில் திறந்தது. 14 உற்பத்தி வரிசைகள். முழு மின்கார்களுக்கு மட்டுமல்லாமல், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார்களுக்கும் பேட்டரி செய்யும்படி அதைத் தொடக்கத்திலேயே வடிவமைத்திருந்ததால், சந்தை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்கு வேலை இருக்கிறது. ஹூண்டாயும் எல்லாபெல்லில் ஹைப்ரிட் வண்டிகளைச் சேர்க்கத் தீர்மானித்துவிட்டது. எல்லா முட்டைகளையும் மின்காரில் வைத்தவர்கள் தவித்தார்கள். வரிசைகளை மாற்றிக்கொள்ள இடம் விட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். சங்கக் கதையும் ஒரே திசையில் போகவில்லை. ஆறு தென்மாநில ஆளுநர்கள் சேர்ந்து எதிர்த்து அறிக்கை விட்டபோதும், 2024 ஏப்ரலில் சட்டனூகாவின் ஃபோக்ஸ்வாகன் தொழிலாளர்கள் 73 சதவீத வாக்குகளோடு சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த மாதமே அலபாமாவின் மெர்சிடிஸ் ஆலையில் சங்கம் தோற்றது.

செய்தியைப் படிக்கும்போது

இனி இந்த வட்டாரத்திலிருந்து ஒரு முதலீட்டுச் செய்தி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. அது நான்கு படிகளில் எந்தப் படி என்று பாருங்கள். அந்த ஆலையில் செய்யும் பொருளை வேறு எதற்கும் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுக்கும் ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். அத்தோடு, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும். செல்லை ஜார்ஜியாவில் செய்தாலும் அதற்கான கிராஃபைட்டைப் பதப்படுத்தும் தொழில் பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. வட கரோலினாவின் கிங்ஸ் மவுண்டனில் பழைய லித்தியம் சுரங்கத்தை மீண்டும் திறக்கவும், டென்னசியின் சட்டனூகாவில் செயற்கைக் கிராஃபைட் தயாரிக்கவும் நடக்கும் முயற்சிகள் இந்த ஓட்டையை அடைக்கத்தான். கார் ஆலையைவிட இவை சிறிய செய்திகள். எனக்கோ இவைதான் முக்கியமாகப் படுகின்றன.

தேதிகளையும் கவனியுங்கள். தயாரிப்பாளருக்கான பேட்டரிச் சலுகை 2029 வரைதான் முழுமையாகக் கிடைக்கும். 2030-இல் அது 75 சதவீதமாகவும், 2031-இல் 50 சதவீதமாகவும், 2032-இல் 25 சதவீதமாகவும் குறைந்து, பிறகு இல்லாமல் போகும். எல்லாபெல் பேட்டரி ஆலை போல 30 கிகாவாட்–மணி திறனுள்ள ஒன்றுக்கு, முழு உற்பத்தியில் ஒரு மாதத்தின் சலுகை மட்டும் 11 கோடி டாலருக்கு மேல். புதிய பேட்டரி ஆலை கழிவைக் குறைத்து முழு வேகத்தை எட்டவே ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். இந்த ஆலை 2026-இல் ஓடத் தொடங்கினால், முழு வேகத்தோடு முழுச் சலுகையும் பெறக் கிடைப்பவை ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள்.